மாடித் தொட்டியில் மஞ்சள் பூச்செடி: ஒன்றா, இரண்டா?

வணக்கம். பெங்களூரு மாடித் தொட்டிகளில் ஒரே மஞ்சள் பூவோடு இரண்டு விதச் செடி முளைத்திருக்கிறது, ஒன்றின் இலை முழுசாகவும் மற்றதன் இலை கிழிந்த மாதிரியும் இருக்கிறது, முயல் அதைத் தின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தண்டை ஒடித்தால் பால் வருகிறது, பூ மதியத்துக்குள் மூடிக்கொள்கிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அது சோன்கஸ் (Sonchus) என்ற களைச்செடி. அதில் ஒலரேசியஸ், ஆஸ்பெர் என்ற இரண்டு இனங்களைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சாமந்திக் குடும்பம், பெரும்பாலும் ஓராண்டுச் செடிகள்.

இலையை நம்பாதீர்கள். ஒரே செடியிலேயே அடியில் ஒரு வடிவம், மேலே வேறு வடிவம் வரும். இலை தண்டைத் தழுவும் இடத்தில் காது மாதிரி இரண்டு மடல் இருக்கும், அதைப் பாருங்கள். கூராக நீண்டிருந்தால் ஒலரேசியஸ். உருண்டு சுருண்டு, ஓரமெல்லாம் முள்ளாகக் குத்தினால் ஆஸ்பெர். இன்னும் சந்தேகமா? முற்றிய விதையை லென்ஸில் பாருங்கள். ஒலரேசியஸ் விதையில் குறுக்குச் சுருக்கங்கள் இருக்கும், ஆஸ்பெரில் வழவழப்பு. 1753-இல், செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸே இரண்டையும் ஒரே இனத்தில்தான் வைத்தார். 1769-இல் ஜான் ஹில் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிரித்தார். நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை.

முயலைப் பற்றிப் பயம் வேண்டாம். இதன் இளந்தழையை முயலுக்குப் போடுவது பழைய வழக்கம், பல நாடுகளில் மனிதர்களும் கீரையாகச் சமைக்கிறார்கள். ஆனால் தொட்டியில் பூச்சிமருந்து தெளித்திருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், தண்டை ஒடித்தும் பால் வராத மஞ்சள் பூச்செடி எதுவும் இருந்தால் அது வேறு. அதை முயலுக்குக் கொடுக்காதீர்கள், படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.