பேக்கி

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் சின்னதாக ஒரு தேயிலை ஃபேக்டரி நடத்துகிறோம். சொந்தத் தோட்டம் கிடையாது, விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குகிறோம். அப்பா போன பிறகு மூன்று வருடமாக நான் பார்க்கிறேன். இலை வாடுவதிலிருந்து தூளாவது வரை பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் வேலைக்கு ஒருவர் வந்தார், இருபது வருட அனுபவம். இலையை வாட வைக்கும் நீளத் தொட்டியை (ட்ரஃப்) பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்குள், "ட்ரஃப்ல இலையை இவ்வளவு கனமாப் பரப்பினா எப்படி சார் வாடும்?" என்றார், ஆட்கள் எல்லோர் முன்னாலும். மானம் போய்விட்டது. என்னைவிட விஷயம் தெரிந்தவரை வைத்தால் நாளை என் பேச்சு எடுபடுமா? கோவையில் கம்பெனி நடத்தும் நண்பர், "இன்டர்வியூவுலயே மிரட்டிடு, முதல் நாளே ஒரு பயம் இருக்கணும்" என்கிறார். சம்பளம் எவ்வளவு பேசலாம்? மூன்று வருடத்துக்கு பாண்டு எழுதி வாங்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள தம்பி,

சம்பளத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள். பாண்டு எழுதி வாங்கினால் ஆள் இருப்பார், மனசு இருக்காது. விடுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது. போன வாரம் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது ஒரு கார்பன் நகல் கிடைத்தது. 'தங்கள் சேவை தற்போது தேவைப்படவில்லை.' டைப் அடித்தவன் நான்.

எழுபதுகளின் கடைசி. குன்னூருக்குக் கீழே ஒரு ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தேன். மேனேஜரைத் துரை என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரன் போய் முப்பது வருடம் ஆகியும் அந்தச் சொல் மலையிறங்கவில்லை. வேலை கேட்டு வருகிறவரை ஐப்பசி மழையில் வராந்தாவில் ஒரு மணி நேரம் நிற்க வைப்பார். உள்ளே நாற்காலி கிடையாது. தலை நிமிராமல் கேள்வி கேட்பார்.

அன்று வந்தவர் மஃப்ளர் சுற்றிய ஒல்லி மனிதர். முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்கே திக்கினார். துரைக்குச் சிரிப்பு. ஆறு கோப்பைகளில் தேநீர் வைக்கச் சொல்லி, "சொல்லு பாக்கலாம்" என்றார். அவர் கோப்பையில் இருந்த சாயத்தைத் தொடவில்லை. மூடியில் கவிழ்த்திருந்த வெந்த இலையை முதலில் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சித் துப்பினார். திக்கல் போன இடம் தெரியவில்லை. "மூணாவது பேக்கி சார். ட்ரையர்ல சூடு ஜாஸ்தி."

உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புளித்த தூளைக் காயவைத்து ஈரத்தை 3 சதவீதம் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் ஈரத்தோடு மணமும் போய்விடும். அந்த ருசிக்கு டேஸ்டர்கள் வைத்த பெயர் பேக்கி. நம் ஊரில் பேக்கு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. துரை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாரோ. ட்ரையர் சூட்டை ஏற்றி வைத்ததே அவர்தான்.

இப்போது நான் சொல்ல வந்தது. ஏலத்துக்குப் போகிற லாட்டைப் புரோக்கர் குடித்துப் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார். எங்கள் ரிப்போர்ட்டில் ஆறு வாரமாக அதே சொல் வந்துகொண்டிருந்தது. துளை போட்டு ஃபைலில் கோத்தது நான். அந்த ஃபைல் அன்று என் கக்கத்தில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அந்தக் கடிதத்தை அடித்தேன்.

மிரட்டலில் பயந்தது யார்? அந்த மனிதர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அவருக்கு அது ஒன்றரை மணி நேரப் பயம். நாள் முழுக்க அந்தச் சூட்டில் நின்ற ட்ரையர்காரர், கோப்பை கழுவிய பையன், நான், எல்லோரும் அங்கேயேதான் இருந்தோம். ஒவ்வொரு இன்டர்வியூவும் எங்களுக்கு நடந்த பாடம்: கண்டதைச் சொன்னால் இதுதான் மரியாதை. வேலை தெரிந்தவனுக்கு மலை முழுக்க ஃபேக்டரி இருக்கிறது, போய்விடுவான். போக்கிடம் இல்லாதவன்தான் பயந்துகொண்டு தங்குவான்.

உங்கள் ட்ரஃபில் தினமும் இலையை அள்ளிப் போடுகிறவர்களுக்கு அது கனம் என்று தெரியாதா, தம்பி? மூன்று வருடத்தில் ஒருவர்கூட உங்களிடம் சொல்லவில்லை. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மானம் மட்டும் இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியது வாயைத் திறந்தவரைப் பற்றியா, திறக்காதவர்களைப் பற்றியா?

அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பதும் தெரியும். ராத்திரி தூங்கியிருக்க மாட்டீர்கள்.

இன்று இலை வந்து பரப்பிய பிறகு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வாட 12லிருந்து 16 மணி நேரம் ஆகும், விடியற்காலையில் மறுபடி போங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு ட்ரஃபின் அடிவரை கையை விடுங்கள். காற்று கீழிருந்துதானே வருகிறது? அடி இலை சருகாகவும் மேல் இலை பச்சையாகவும் இருந்தால், வெளியே வந்து அவருக்கு போன் பண்ணுங்கள். ஆட்கள் காதில் விழுகிற மாதிரி நின்றே பேசுங்கள்.