கழுத்து லேபிளில் ஊர்ப் பெயர் ஏன் மாறுகிறது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மாமா 80களில் இருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் சேர்ட் கொண்டு வருவார். அம்மா ஒன்றையும் எறியாமல் றங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். போன கிழமை பெட்டியைக் கிளறியபோது லேபிள்களைப் பார்த்தேன். பழையதில் ஹொங்கொங், பிறகு மெக்சிகோ, சீனா, கடைசியாக வியட்நாம், பங்களாதேஷ். ஒன்றில் ஸ்ரீலங்கா! ஏன் இப்படி?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அந்த ஸ்ரீலங்கா சேர்ட்டை நினைத்தால் சிரிப்புத்தான். இங்கே தைத்து, அமெரிக்கா போய், மாமாவின் பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது.

கூலி மலிவான இடத்துக்குப் போகிறார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். பொய்யில்லை. ஆனால் கூலி மட்டும்தான் காரணம் என்றால், ஒரு காலத்தில் மாலைதீவில் கார்மென்ட் போட்டு, அதற்கு இலங்கையில் இருந்து பெண்பிள்ளைகளை ஏன் கூட்டிப்போனார்கள்? கோட்டாவுக்காகத்தான், அதாவது ஒரு நாடு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வைத்த அளவுக்காக.

1950களில் ஜப்பான் பிளவுஸ் அமெரிக்காவில் ஒரு டொலருக்கு விற்றது. அங்குள்ள முதலாளிமார் கூச்சல் போட, ஜப்பான் தன் ஏற்றுமதியைத் தானே குறைக்கச் சம்மதித்தது. அந்த இடத்துக்குள் ஹொங்கொங் புகுந்தது, பிறகு தைவானும் தென்கொரியாவும். வரம்பில் ஒரு நண்டு வளையை அடைத்தால் அடுத்த வளையால் தண்ணீர் போகுமே, அந்த மாதிரி. 1974இல் பல்நார் உடன்படிக்கை வந்து, எந்த நாடு எத்தனை டசின் சேர்ட், எத்தனை டசின் காற்சட்டை அனுப்பலாம் என்று இனம் பிரித்து அளவு வைத்தது. தங்கள் அளவு நிரம்பிய கொரிய, ஹொங்கொங் முதலாளிமார், அளவு மிச்சம் கிடந்த நாடுகளைத் தேடிப் புறப்பட்டார்கள். பங்களாதேஷ் இந்தத் தொழிலுக்குள் வந்ததும் இப்படித்தான். அங்குள்ள தேஷ் நிறுவனத்தின் 130 பேரை 1979இல் கொரியாவின் டேவூ கூட்டிப்போய்த் தொழில் பழக்கியது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட நம் நாட்டுக்கும் அந்த அலை வந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 கார்மென்ட் திட்டத்தைத் தொடங்கியபோதும், கிராமத்தில் ஃபாக்டரி போடுகிறவர்களுக்குக் காட்டிய இனிப்பு கோட்டாதான்.

மெக்சிகோ லேபிள், அங்கிருந்து அமெரிக்காவுக்கு வரியில்லாமல் அனுப்ப வழிவிட்டு 1994இல் வந்த வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் வேலை. 2005 பிறந்ததும் கோட்டா ஒழிந்தது, சீனா பாய்ந்தது. 2010 அளவில் அமெரிக்கா இறக்கிய உடுப்பில், பெறுமதிப்படி, ஐந்தில் இரண்டு பங்குக்குக் கிட்ட சீனாவுடையது. பிறகு அங்கே கூலி ஏறியது, டிரம்ப் காலத்து வரி வந்தது, சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பருத்திக்கு 2021இல் தடை வந்தது. 2024இல் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கி, வியட்நாம் தோளோடு தோள் நின்றது.

சரி, லேபிளை முழுக்க நம்பவும் வேண்டாம். அதில் இருப்பது தைத்த நாடு. உங்கள் வியட்நாம் சேர்ட்டின் துணி சீனாவில் நெய்ததாக இருக்கலாம். தையல் மெஷினைக் கொள்கலனில் ஏற்றி இன்னொரு நாட்டில் இறக்குவது பெரிய வேலையில்லை, துணி ஆலையையும் சாயத் தொட்டியையும் அப்படித் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

கேள்வி: ஏறாவூரில் துணி ஆலைகளுக்கென்று துணிப் பூங்கா என்கிறார்கள். நாட்டில் இத்தனை கார்மென்ட் இருக்கும்போது துணியும் இங்கேயே எதற்கு?
- வாசகர், செங்கலடி

பதில்: வரியில்லாமல் பொருள் அனுப்ப ஐரோப்பா தருகிற ஜீஎஸ்பி பிளஸ் சலுகை 2010இல் நம் கையை விட்டுப் போய் 2017இல் திரும்பி வந்தது தெரிந்திருக்கும். கூடவே ஒரு கொக்கியும் உண்டு. சீனத் துணியை வாங்கி இங்கே தைத்து அனுப்பினால் பொதுவாக அந்தச் சலுகை கிடைக்காது, துணியையும் நாமே செய்திருக்க வேண்டும். அதே சீனத் துணியை டாக்காவில் தைத்தால் வரியில்லை, ஏனென்றால் பங்களாதேஷ் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. நாம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்குச் சந்தோஷப்படுவதா என்றே தெரியவில்லை!

மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தறி இல்லையா என்று கேட்பீர்கள். சாறத்துக்கும் சேலைக்கும் அது போதும், ஆயிரமாயிரம் மீட்டரை ஒரே நிறத்தில் கேட்கிற ஏற்றுமதிக்கு அது காணாது. அந்த அளவில் சாயம் போடத் தண்ணீர் வெள்ளமாக வேண்டும், வெளியே வருவதும் அதே அளவுதான். ஊரில் கூட்டம் வைத்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். எத்தனை பேருக்கு வேலை என்பதை நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.