பேரணி அப்புறம், முதலில் பை

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர். அதில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். இப்போது கீமோ நடக்கிறது. அது முடிந்ததும் மதுரையில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கணவரும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளும்தான். பிங்க் ரிப்பன் குத்திக்கொண்டு ஊரில் ஒரு விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாம் என்று பேசினோம். வேறு என்ன செய்யலாம்? எங்களிடம் பணம் அதிகம் இல்லை. நாலு பேருக்குத் தையல் தெரியும்.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசி வரியைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன், சகோதரி.

மார்பகத்தை எடுத்த பிறகு, காயத்தில் ஊறும் நீர் வடிவதற்கு ஒரு குழாய் வைத்து, அதன் முனையில் பிளாஸ்டிக் குப்பி ஒன்றை மாட்டிவிடுவார்கள். ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம்கூட அது உடம்போடேயே இருக்கும். என் சித்தி அந்தக் குப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். பார்க்க வந்தவர்களின் கண்ணும் அதிலேயே நிற்கும். கடைசியில் ஏதோ கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையில் அதை வைத்துத் தோளில் மாட்டிவிட்டோம். அன்றைக்குத்தான் அவர் தன் கையால் காபி டம்ளரை எடுத்துக் குடித்தார்.

அந்தப் பையைத் தையுங்கள். பழைய பருத்திச் சேலை போதும். ஆபரேஷன் செய்யாத பக்கத் தோளில் மாட்டுகிற மாதிரி நீளமான வார் வையுங்கள். குப்பி காயத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும். துவைத்துப் போட இரண்டு பை இருக்கட்டும். கொஞ்ச நாளைக்குக் கையைத் தூக்க முடியாது என்பதால், முன்பக்கம் முழுக்கத் திறக்கிற தொளதொள நைட்டியும் வேண்டும். காயம் நன்றாக ஆறிய பிறகு, ஜாக்கெட்டுக்குள் ஒரு பை வைத்து, பஞ்சு அடைத்த பருத்தித் துணி உருண்டையைச் செருகிக்கொள்ளும்படி தைத்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஜாக்கெட் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். அளவெடுக்க ஒருவர் மட்டும் போங்கள்.

பேரணி விஷயத்துக்கு வருகிறேன். சின்ன ஊரில் பதினோரு பேர் ரிப்பன் குத்திக்கொண்டு போனால், பன்னிரண்டாவது ஆள் யார் என்றுதான் ஊர் தேடும். நாளைக்குப் பெண்களுக்கு வரன் பார்க்கும்போது இதைப் பேசுவார்களோ என்ற பயத்திலேயே வெளியில் சொல்லாத குடும்பங்கள் நிறைய. யாருக்குத் தெரியலாம், யாருக்கு வேண்டாம் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ரிப்பன் பெட்டியிலேயே இருக்கட்டும்.

'ஏதாவது வேணும்னா சொல்லு' என்று மட்டும் சொல்லாதீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். 'செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்கு டிபன் நான் கட்டுறேன்' என்று சொல்லுங்கள். ரேஷன் ஒருத்தர், தண்ணீர் ஒருத்தர். அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தால் அந்தப் பக்கக் கை வீங்க வாய்ப்பு உண்டு. குடம் தூக்குகிற வேலை அவருக்கு வேண்டாம். பெண்கள் வார்டில் பெரும்பாலும் இரவில் ஆண்களைத் தங்க விடமாட்டார்கள். அந்த இரவுகளுக்கு இப்போதே முறை போட்டுக்கொள்ளுங்கள். அவர் கணவரை யாரும் 'நீங்க சாப்பிட்டீங்களா' என்று கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டு ஆண்களில் ஒருவரை அவரோடு டீக்கடை வரைக்கும் போய் வரச் சொல்லுங்கள்.

கீமோ போட்ட அடுத்த இரண்டு வாரம் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். சளி, இருமல் உள்ளவர்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிதான். கூப்பிட்டால் வருகிற ஆட்டோக்காரர் நம்பரை அவர்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற முள்சீத்தாக் கஷாயத்தையெல்லாம் அனுப்பி வைக்காதீர்கள், புண்ணியமாய்ப் போகும்.

ஒன்று கேட்கட்டுமா? குழுவில் அவர் கடன் வாங்கியிருந்தால் அந்தத் தவணையை என்ன செய்வது என்று கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அதை அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே பேசி முடிவெடுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லையென்றால், வருமானச் சான்று வாங்க அலைகிற வேலையை உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணமே கிடையாது. கூட வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம், மிச்சம் பதினோரு பேர். முப்பது வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். ஒரு நாள் சேர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டு வாருங்கள். எங்கே போகிறீர்கள் என்று வழியில் யாராவது கேட்டால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.