மும்பையில் ஒரு ரூம்-கிச்சன் வீடு, இரண்டு குழந்தைகள். படம் வரையும் சாமான்களை எல்லாம் சக்கரம் வைத்த ஒரே ஸ்டாண்டில் வைத்து நகர்த்திக்கொள்ள முடியுமா? எப்படிச் செய்வது, என்னென்ன வாங்குவது, எவ்வளவு செலவாகும்?

முடியும். சொல்லப்போனால் நம்மை மாதிரி சின்ன வீட்டுக்காரர்களுக்குத்தான் சக்கரம் தேவை. பெரிய வீடு இருப்பவர்கள் ஜன்னலோரமாக ஒரு மேசையைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

நாங்கள் இருப்பது சயான் கோலிவாடாவில், மூன்றாவது மாடி. நான், மனைவி, என் அம்மா, ஏழு வயது மகள், மூன்று வயது முடியாத மகன். இருக்கிற ஒரே அறைதான் காலையில் பூஜையறை, மத்தியானம் அம்மா சீரியல் பார்க்கிற ஹால், ராத்திரி எல்லோருக்கும் படுக்கையறை. இதில் "ஓவிய மூலை" என்று நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்கினால் யாராவது ஒருவர் பாசேஜில்தான் படுக்க வேண்டும். அதனால் வரைகிற நேரத்துக்கு வந்து, சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடுகிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது.

முதல் முயற்சி சொதப்பல். மகளின் பிறந்தநாளுக்கு 48 கிரேயான், 24 ஸ்கெட்ச் பேனா, 12 போஸ்டர் கலர், ஜிகினா, பஞ்சு உருண்டை, கண் ஸ்டிக்கர் என்று வாங்கி, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் கொட்டிக் கொடுத்தேன். அவள் செய்ததெல்லாம் பெட்டியைக் கவிழ்ப்பதுதான். தேடுவது பத்து நிமிடம், வரைவது ஐந்து நிமிடம், அதற்குள் சலித்துப்போய் எழுந்துவிடுவாள். பொறுக்குவது நானும் என் மனைவியும். ஒரு மாதத்தில் ஸ்கெட்ச் பேனாக்கள் பாதி மூடியில்லாமல் காய்ந்துவிட்டன. பொருள் கூடக்கூட வரைவது குறைகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது முயற்சியில் புதிதாக ஸ்டாண்டு எதுவும் வாங்கவில்லை. சமையலறையில் வெங்காயம், உருளைக்கிழங்கு போட்டு வைக்கிற மூன்று அடுக்கு பிளாஸ்டிக் ஸ்டாண்ட் ஒன்று இருந்தது. அதைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டேன். (எவ்வளவு கழுவியும் மூலையில் வெங்காயச் சருகு ஒன்று ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது.) கையில் காசு இருந்தால் நவி மும்பை துர்பேயில் இருக்கிற ஐகியா ஃபர்னிச்சர் கடையில் இரும்பில் மூன்று தட்டு டிராலி கிடைக்கும். உலகம் முழுக்க இதே வேலைக்குப் பலர் வாங்குவது அதைத்தான். ஆனால் வெங்காய ஸ்டாண்டே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அதில் இரண்டு குறை. தட்டுகளில் ஓட்டை இருப்பதால் பென்சில் நழுவி விழும். நான் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே வீணாகப் போன ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை அளவு வெட்டித் தட்டுகளில் விரித்தேன். மிச்சத்தைத் தரைவிரிப்பாக வைத்துக்கொண்டோம். அது ஒரு லோக்கல் தலைவருக்கான பிறந்தநாள் வாழ்த்து பேனர். அவர் முகத்தின் மேல்தான் எங்கள் வீட்டில் தினமும் பெயின்ட் சிந்துகிறது. இரண்டாவது குறை சக்கரம். ஸ்டாண்டோடு வருகிற குண்டுமணிச் சக்கரம் சமையலறை நிலைப்படியைத் தாண்டாது. நாக்தேவி தெருவில் இரண்டு அங்குல ரப்பர் சக்கரம் நான்கு வாங்கினேன். நான்கில் குறைந்தது இரண்டு பிரேக் உள்ளதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சின்னவன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது வண்டி ஓடும், அவன் விழுவான். 12 மில்லி பிளைவுட் துண்டில் சக்கரங்களைத் திருகி, அதன் மேல் ஸ்டாண்டை வைத்து கேபிள் டையால் இறுக்கிக் கட்டிவிட்டேன்.

இனி எந்தத் தட்டில் எதை வைப்பது என்பது. நிறைய பேர் அழகுக்காக அடுக்குகிறார்கள். நான் இரண்டே விஷயம் பார்ப்பேன்: கனமானது கீழே, ஆபத்தானது மேலே. நல்லவேளையாக இரண்டும் இடிக்காது, ஏனென்றால் இருப்பதிலேயே கனமானது தாள், இருப்பதிலேயே சாதுவானதும் அதுதான். ஏ4 ஜெராக்ஸ் தாள் ஒரு ரீம் இரண்டேகால் கிலோவுக்கு மேல் எடை வரும். அதைக் கீழ்த்தட்டில் படுக்கவைத்தால் வண்டி சாயாது. பக்கத்திலேயே சின்னவனுக்கான பருமனான கிரேயான் ஆறு. நடுத்தட்டில் மகளின் கலர் பென்சில், பசை, பழைய துணி. மேல்தட்டில் கத்தரிக்கோல், ஷார்ப்னர், பெயின்ட். ஷார்ப்னரை யாரும் ஆபத்தென்று நினைப்பதில்லை. திருகாணி கழன்றால் அது ஒரு பிளேடு, அவ்வளவுதான். காந்தம் வைத்து டப்பாக்களைத் தொங்கவிடும் யோசனை இரும்பு டிராலி வாங்குகிறவர்களுக்கு வரும். வாயில் போடுகிற வயதில் குழந்தை இருந்தால் அந்தச் சின்னச் சின்ன காந்தம் வேண்டவே வேண்டாம். இரண்டு காந்தத்தை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு குடலையே ஓட்டை போட்டுவிடும்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சமாகத்தான் வெளியே வைப்போம். பன்னிரண்டு பென்சில், இரண்டு பிரஷ், ஒரு கத்தரிக்கோல். மிச்சம் அலமாரிக்கு மேலே. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் வழிப் பள்ளிகளில் இன்றும் இப்படித்தான்: குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் தட்டு, ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்று, எடுத்தவர் திரும்ப வைத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். எங்கள் வீட்டில் கத்தரிக்கோலுக்காக ஆரம்பத்தில் சண்டை வந்தது. இப்போது மகள் வெட்டி முடிக்கும் வரை பக்கத்து வீட்டுப் பையன் காத்திருக்கிறான், சிணுங்கிக்கொண்டேதான்.

தாளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், என் பிழைப்பு அதுதான் என்பதால். கடையில் போய் "ஆர்ட் பேப்பர்" கொடுங்கள் என்று கேட்காதீர்கள். அச்சுத் தொழிலில் ஆர்ட் பேப்பர் என்றால் காலண்டருக்கும் நோட்டீஸுக்கும் போடுகிற, மேலே பூச்சு கொடுத்த வழவழப்பான தாள். பென்சில் அதில் வழுக்கும், தண்ணீர்ப் பெயின்ட் இறங்காமல் மேலேயே நிற்கும். பெயரை நம்பி வாங்கி வந்து, குழந்தைக்கு வரைய வரவில்லை என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். பென்சிலுக்கும் கிரேயானுக்கும் 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளோ மேப்லித்தோவோ (பூச்சு கொடுக்காத அச்சுத் தாள்) தாராளம். பெயின்ட் என்றால் 120க்குக் குறையாமல் டிராயிங் ஷீட் கேளுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு வாட்டர்கலர் செய்தால் 300 வேண்டும், அது விலை அதிகம், ஏழு வயதுக்குத் தேவையில்லை. போஸ்டர் கலருக்கு என் தேர்வு டியூப்ளெக்ஸ் போர்டு, அதாவது ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல் நிற அட்டை. ஸ்வீட் பாக்ஸ் செய்வது அதில்தான். வீட்டுக்கு வரும் பலகாரப் பெட்டியைப் பிரித்தாலே ஒரு கேன்வாஸ் கிடைத்துவிடும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது அச்சகம் இருந்தால் கட்டிங் மெஷினில் விழுகிற ஓரத்துண்டுகளைக் கேட்டுப்பாருங்கள். எடைக்குப் போடுவதுதான், ஒரு பை கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நீள நீளமான அந்தத் துண்டுகளைக் கொடுத்தால் குழந்தைகள் ரயில் வரைவார்கள். எங்கள் வீட்டில் ஹார்பர் லைன் லோக்கல் ரயில் பெட்டி பெட்டியாக நீண்டு கதவு வரைக்கும் போயிருக்கிறது.

கடைச்சரக்கு வாங்க நான் போவது கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெரு. ஜிடிபி நகரில் ஏறி மஸ்ஜித்தில் இறங்கினால் நடக்கிற தூரம். மொத்த வியாபாரத் தெரு என்பதால் டஜன் கணக்கில்தான் மலிவு. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் போய்விடுங்கள், ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பென்சில் எந்த பிராண்டு என்று அதிகம் யோசிக்க வேண்டாம். நடராஜ், அப்சரா இரண்டுமே 1958இல் தொடங்கிய ஒரே கம்பெனியின் சரக்குதான்.

பெயின்ட் எதில் ஊற்றித் தருவது என்பது பெரிய தலைவலியாக இருந்தது. பிளாஸ்டிக் தட்டில் ஊற்றினால் சாப்பிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். ஒருநாள் பரணில் பழைய அஞ்சறைப்பெட்டி கண்ணில் பட்டது. ஏழு கிண்ணம், மேலே ஒரு தட்டு மூடி, அதற்கும் மேலே ஒரு மூடி. கடுகு இருந்த இடத்தில் கறுப்பு, மஞ்சள்தூள் இருந்த இடத்தில் மஞ்சள், மிளகாய்த்தூளுக்குச் சிவப்பு என்று ஊற்றி வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏலே, அஞ்சறைப்பெட்டில சாயத்த ஊத்தி வச்சிருக்கியே, இது வெளங்குமா?" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். ஆனால் அதைவிட நல்ல பெயின்ட் பெட்டி கடையில் இல்லை. கனமான எவர்சில்வர், சாயாது, மூடினால் இரண்டு நாள் வரை காயாது. இப்போது பேத்தி, "ஆச்சி, கொஞ்சம் கொத்தமல்லி குடுங்க" என்றால் அம்மா பச்சைக் கிண்ணத்தை நீட்டுகிறார்.

பெயின்டில் அக்ரிலிக் வேண்டாம். காய்ந்துவிட்டால் துணியிலிருந்து போகாது. போஸ்டர் கலர் தண்ணீரில் கரைந்து வந்துவிடும். பசைக்கு மைதா மாவைக் காய்ச்சிக்கொள்ளலாம், ஆனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும். பைண்டிங் செய்பவர்கள் பசையில் பூச்சி, பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். யாராவது நல்லெண்ணத்தில் அந்த யோசனையைச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை பாசேஜுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவோம். மாடியில் இருக்கிற ஏழெட்டுப் பிள்ளைகள் வந்துவிடும். மராத்தி, இந்தி, தமிழ் எல்லாம் கலந்து கத்தும். அங்கேதான் ஒரு வில்லங்கம் நடந்தது. கூரியர் கவர் எழுத வாங்கிய பெர்மனென்ட் மார்க்கரை யாரோ மேல்தட்டில் போட்டுவிட்டிருக்கிறார்கள். ஒரு பையன் சொசைட்டி நோட்டீஸ் போர்டின் கண்ணாடியில் அழகாக ஒரு யானை வரைந்துவிட்டான். தண்ணீர் பாக்கி பற்றிய அறிவிப்புக்கு நேர் மேலே. செயலாளர் என்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். சானிடைசரைத் தடவித் துடைத்தேன், கண்ணாடி என்பதால் போய்விட்டது. சுவராக இருந்திருந்தால் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து வண்டியை வெளியே தள்ளுவதற்கு முன்னால் மூன்று தட்டையும் ஒருமுறை கையால் அளைந்து பார்ப்பது என் வேலை.

மழைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர்க் காற்றில் தாள் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும், ஓரம் சுருளும். அந்த நான்கு மாதமும் தாளை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், பென்சிலோடு வரும் அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் போடுங்கள், அதில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். அஞ்சறைப்பெட்டியில் பெயின்ட் ஊறிக் கிடந்தால் இரண்டு நாளில் வாடை வரும், அதனால் ஆளுக்கு ஒரு ஸ்பூன் அளவுதான். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலத்தைப் போடலாம் என்பார்கள். வீட்டில் கைக்குழந்தையோ சின்னவனோ இருந்தால் போடாதீர்கள், அது முதலில் வாய்க்குத்தான் போகும்.

செலவு கேட்டிருந்தீர்கள். ஸ்டாண்டும் அஞ்சறைப்பெட்டியும் வீட்டிலேயே இருந்ததால் சக்கரம், பென்சில், பெயின்ட் எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. அப்புறம், என்னென்ன வாங்கலாம் என்று கேட்டீர்களே, வாங்கக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஜிகினா. முதல் முயற்சியின்போது ஒரே ஒரு டப்பா கொட்டியது. ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் போய்விட்டது, வீட்டுக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. இன்றைக்கும் காலையில் என் அம்மா நெற்றியில் பூசுகிற விபூதி மினுக்கென்று மின்னுகிறது.