2016 ரொறன்ரோ ஆல்-ஸ்டார்: ஆரோன் கோர்டனிடமிருந்து பட்டத்தைப் பறித்தார்களா? அந்த மூன்று நாளில் உங்கள் மனதில் நின்றவர் யார்?

பறிக்கவில்லை. அந்த டங்க் போட்டியில் (எம்பி, பந்தை வளையத்துக்குள் கையாலேயே அடித்து இறக்கும் போட்டி) பட்டம் சாக் லவீனுக்குப் போனது சரிதான். இப்படி வாய்விட்டுச் சொன்னதற்காக என் சித்தப்பாவின் மகன் இரண்டு கிழமை எனக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் ஸ்காபரோவில் இருப்பவன். வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, தன் நட்சத்திர வீரர்களைக் கூட்டி நடத்தும் ஆல்-ஸ்டார் வாரஇறுதியை அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகக் கொண்டுவந்தது 2016 பெப்ரவரியில், எங்கள் ஊருக்குத்தான். ரிக்கெற் விலையை ஒருமுறை பார்த்தேன், கணினியை மூடிவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டேன். அப்போது ஏர் கனடா சென்டர் என்ற பெயரில் இருந்த அந்த அரங்கு எங்கள் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் மூன்று நாளும் சித்தப்பா வீட்டு பேஸ்மென்ற்றில் ரீவிக்கு முன்னால்தான் கழிந்தன. வெளியே மைனஸ் இருபதுக்கும் கீழே போன குளிர். கலிபோர்னியாவிலிருந்தும் ஃபுளோரிடாவிலிருந்தும் வந்த ஆட்கள் விளையாட்டை விட்டுவிட்டுக் குளிரைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது ஒரு அற்ப சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை இளம் வீரர்கள் ஆட்டம். அமெரிக்க அணி 157, உலக அணி 154. சாக் லவீன் 30 புள்ளி எடுத்து அன்றைய சிறந்த வீரர் ஆனார். ரொறன்ரோவுக்குப் பக்கத்து வோனில் வளர்ந்த அண்ட்ரூ விகின்ஸ் உலக அணிக்கு ஆடினார். அவருக்கு விழுந்த கைதட்டலைத் தவிர அந்த ஆட்டத்தில் எனக்கு வேறொன்றும் நினைவில் இல்லை.

சனிக்கிழமை இரவுதான் விஷயமே. முதலில் ஸ்கில்ஸ் சலஞ்ச். பந்தைத் தட்டிக்கொண்டு தடைகளுக்குள் வளைந்து ஓடி, பாஸ் கொடுத்து, கடைசியில் தூரத்து வளைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு மூன்று புள்ளி எறியும் போட்டி. அதுவரை சிறிய, வேகமான கார்டுகளின், அதாவது பந்தை நடத்தும் ஆட்டக்காரர்களின், சொத்தாக இருந்தது. அந்த வருடம்தான் முதன்முதலாக நெட்டையர்களையும் சேர்த்தார்கள். இறுதியில் ஒரு பக்கம் 5 அடி 9 அங்குல ஐசேயா தோமஸ், மறுபக்கம் ஏழடி கார்ல்-அந்தோனி டவுன்ஸ். தோமஸ் எறிந்தது வளையத்தில் பட்டுப் பட்டுத் திரும்ப, டவுன்ஸ் போட்டுவிட்டார். உடனே மற்ற நெட்டையர்கள் எல்லாம் ஓடிவந்து அவர்மேல் விழுந்த காட்சியைப் பார்க்க வேண்டுமே! காலம் முழுக்க ‘வளையத்துக்குக் கீழேயே நில்’ என்று கேட்டு வளர்ந்த ஆட்களின் பழிதீர்ப்பு அது. இன்று ஏழடிக்காரர்கள் சர்வசாதாரணமாக மூன்று புள்ளி போடுகிறார்கள். அதை எனக்கு முதலில் உறைக்க வைத்தது அந்த இரவுதான்.

அப்புறம் மூன்று புள்ளிப் போட்டி. ஸ்டெஃப் கரியும் கிளே தொம்சனும் ஒரே அணி. அந்த சீசனை 73 வெற்றி, 9 தோல்வி என்று முடித்த கோல்டன் ஸ்டேட். முந்தைய வருடம் பட்டம் வென்றவர் கரி. இறுதிச் சுற்றில் கரி 23, தொம்சன் 27. மூன்றாவதாக நின்ற ஃபீனிக்ஸ் பையன் டெவின் புக்கருக்கு வயது 19, எடுத்தது 16. இரண்டு வருடம் கழித்து அதே புக்கர் இறுதிச் சுற்றில் 28 எடுத்து தொம்சனைத் தோற்கடித்தது தனிக் கதை. அன்று எனக்குப் பிடித்தது தொம்சனின் முகம். வென்ற பிறகும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் போலவே இருந்தார்.

சரி, டங்க் போட்டிக்கு வருவோம்.

ரொறன்ரோக்காரனுக்கு டங்க் போட்டி என்றால் அது வின்ஸ் காட்டர்தான். 2000-ல் ஓக்லாந்தில் எங்கள் ஊர் அணியான ராப்டர்ஸின் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கை வரை வளையத்துக்குள் விட்டுத் தொங்கினாரே, அந்த இரவு. நான் அப்போது பள்ளிக்கூடப் பெடியன். காட்டருடன் அன்று போட்டியிட்ட இன்னொரு ராப்டர் ட்ரேசி மக்கிரேடி. பதினாறு வருடம் கழித்து அவர் நடுவர் மேசையில் இருக்கிறார். பக்கத்தில் பழைய நட்சத்திரங்கள் மஜிக் ஜோன்சன், ஷக்கீல் ஓநீல், டிகெம்பே முடொம்போ, ஜோர்ஜ் கெர்வின். இந்த ஐந்து பேரைத் திருப்திப்படுத்த வேண்டும்.

இறுதிக்கு வந்தவர்கள் மினசோட்டாவின் லவீன், ஒர்லாண்டோவின் கோர்டன். இருவருக்கும் வயது 20. கோர்டன் தன் அணியின் பச்சை டிராகன் வேஷக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு டங்கில் டிராகன் ஹோவர்போர்டில் நின்று பந்தை உயர்த்திப் பிடித்தபடி சுழல்கிறது. கோர்டன் பறந்து வந்து ஓடும் பஸ்ஸில் பையைப் பறிப்பதுபோல அதைப் பறித்துப் போடுகிறார். இன்னொன்றில் டிராகனின் தலைக்கு மேல் பந்து. தாவுகிறார், பந்தை எடுக்கிறார், இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி, காற்றில் கதிரை போட்டு இருந்தவர் மாதிரி, கால்களுக்குக் கீழால் பந்தை மறுகைக்கு மாற்றி உள்ளே அடிக்கிறார். ஒரு காலுக்குக் கீழால் மாற்றுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். இரண்டு காலுக்கும் கீழால்? பேஸ்மென்ற்றில் ஒரு செக்கன் சத்தமே இல்லை. பிறகு சித்தப்பா மேலே படியில் நின்று “என்னடா, கூரை இடிஞ்சு விழுந்திட்டுதோ?” என்று கேட்கிற அளவுக்குச் சத்தம்.

லவீன் வேறு ரகம். வேஷக்காரரும் இல்லை, ஹோவர்போர்டும் இல்லை. அவருடைய சரக்கெல்லாம் ஃப்ரீ த்ரோ கோட்டில் இருந்தது. வளையம் மாட்டியிருக்கும் பலகையிலிருந்து 15 அடியில், தண்ட எறி எறியும் கோடு அது. அங்கிருந்து கிளம்பி, காற்றில் கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அடித்தார். கடைசி டங்கில் அதே இடத்திலிருந்து எழும்பி, காற்றிலேயே காலுக்கிடையில் பந்தை மாற்றி அடித்தார். கால் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளேதான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் கீழே இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தால் அந்தக் கொஞ்சத்தை யாரும் அளக்கமாட்டார்கள்.

இனிக் கணக்கு. ஐந்து நடுவர், ஆளுக்குப் பத்து, மொத்தம் 50. இறுதியில் இருவரும் தலா இரண்டு டங்க் போட்டார்கள், 100-க்கு 100. சமன். இன்னொரு டங்க், 50-க்கு 50. மறுபடியும் சமன். நான்காவதில் கோர்டன் 47, லவீன் 50. எட்டு டங்கில் ஏழுக்கு முழுப் புள்ளி!

என் பார்வையில் கோளாறு அந்த 47-ல் இல்லை. அதற்கு முன்னால் அள்ளிக் கொடுத்த ஐம்பதுகளில்தான். கோர்டனின் இரண்டு கால் டங்க் அந்த இரவின் ஆகச் சிறந்தது. ஏன், என் ஆயுளில் பார்த்ததிலேயே சிறந்தது என்றும் சொல்வேன், காட்டர் மன்னிக்கட்டும். ஆனால் லவீனின் டங்குக்கும் 50 கொடுத்துவிட்டால், அதைவிடப் பெரியதற்கு 53 கொடுக்க வழியில்லையே. இரண்டும் ஒன்று என்று தாளில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு அது ‘யார் சிறந்த டங்க் போட்டார்’ என்ற போட்டி இல்லை, ‘யாரிடம் இன்னும் சரக்கு மிச்சம் இருக்கிறது’ என்ற போட்டி. கோர்டன் நான்காவதாகப் போட்டது வளையத்துக்கு முதுகைக் காட்டி இரண்டு கையாலும் அடித்த ஒன்று. வேறு எந்த வருடத்திலும் கைதட்டி எழும்பியிருப்போம். ஆனால் டிராகனுக்கு மேலால் கதிரை போட்டு இருந்த ஆள் அதைச் செய்தால் பற்றாது. லவீன் அதற்குப் பிறகு வந்து, தன் ஆகப் பெரிய வெடியைக் கடைசியில் கொளுத்தினார். பட்டம் அவருக்குத்தான். இரண்டாவது வருடமும் தொடர்ந்து வென்றார். அவருக்கு முன் அப்படி அடுத்தடுத்து வென்றவர்கள் மைக்கல் ஜோர்டன், ஜேசன் ரிச்சட்சன், நேட் ரொபின்சன் மட்டும்தான்.

இதைத்தான் தம்பியிடமும் சொன்னேன். “அண்ணா, நீங்கள் கணக்குப் பாருங்கோ. நான் கண்ணால பார்த்தனான்” என்றான். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒரு பகிடி: வெள்ளி சிறந்த வீரர் லவீன், சனி ஸ்கில்ஸ் டவுன்ஸ், டங்க் மறுபடி லவீன். மூன்றும் மினசோட்டாவுக்கு. அந்த சீசனில் மினசோட்டா வென்ற ஆட்டங்கள் 29, தோற்றவை 53.

ஞாயிறு பெப்ரவரி 14. வலன்ரைன் நாள். மனைவியுடன் சாப்பாட்டை ஐந்து மணிக்கே வைத்துக்கொண்டேன், ஏனென்று அவ கேட்கவும் இல்லை. அடுத்த நாள் ஒன்ராறியோவில் குடும்ப தின விடுமுறை, அதனால் காலையில் எழும்பும் கவலையும் இல்லை.

அன்றுதான் முக்கிய ஆட்டம், லீக்கின் மேற்குப் பாதி நட்சத்திரங்களுக்கும் கிழக்குப் பாதி நட்சத்திரங்களுக்கும். எல்லோரும் வந்தது லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸின் கோபி பிரயன்டைப் பார்க்க. அந்த சீசனோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டார். ரசிகர் வாக்கில் 18 இலட்சத்துக்கு மேல் வாங்கி முதலிடம். பதினெட்டாவது ஆல்-ஸ்டார் தேர்வு. எங்கள் ஊர்ச் சனம் “கோபி, கோபி” என்று கத்தியதைக் கேட்க எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. ஏனென்றால் 2006 ஜனவரி 22 எங்களுக்கு மறக்குமா? லொஸ் ஏஞ்சல்ஸில் பாதி ஆட்டம் வரை ராப்டர்ஸ் 14 புள்ளி முன்னால். பிறகு அந்த மனிதன் இரண்டாம் பாதியில் மட்டும் 55, மொத்தம் 81 போட்டு எங்களைக் கவிழ்த்தான். அன்று ரீவியை நிறுத்திவிட்டுப் படுத்தவன் நான். பத்து வருடம் கழித்து அதே ஆளுக்கு எழும்பி நின்று கைதட்டினேன். விளையாட்டாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை: 10 புள்ளி, 6 ரீபவுண்ட் (தவறிய எறியைப் பிடித்தது), 7 அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்). ஆனால் ஐந்தாவது தடவையாகச் சிறந்த வீரர் விருதைப் பிடுங்கிக்கொண்டு போகவேண்டும் என்ற வெறி முகத்தில் இல்லை. சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோபி பந்தைக் கொடுக்கிறாரே என்பதே எங்களுக்குப் புதினம். (வெறி எங்கும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தன் கடைசி ஆட்டத்தில் 60 போட்டார்.)

முடிவு மேற்கு 196, கிழக்கு 173. தடுப்பாட்டம் என்று ஒன்று மருந்துக்கும் இல்லை. இதைப் பார்த்து அப்போது முகம் சுளித்தேன். 2024-ல் கிழக்கு 211 போட்ட பிறகு, 2016 ஆட்டம் ஒழுங்கான ஆட்டமாகவே தெரிகிறது. 31 புள்ளி எடுத்த ரசல் வெஸ்ட்புரூக் சிறந்த வீரர் விருதை இரண்டாவது வருடமும் தொடர்ந்து வாங்கினார்.

ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு என் பதில் வெஸ்ட்புரூக் இல்லை, லவீனும் இல்லை. போல் ஜோர்ஜ். தோற்ற கிழக்கு அணிக்கு 41 புள்ளி, அதில் ஒன்பது மூன்று புள்ளி எறிகள். வில்ட் சேம்பர்லின் 1962-ல் வைத்த 42 என்ற ஆல்-ஸ்டார் சாதனைக்கு ஒன்றே ஒன்று குறைவு. ஆட்டம் எப்போதோ முடிந்த கதை, ஆனாலும் கடைசி நிமிடங்களில் கிழக்குக்காரர் எல்லோரும் பந்தை அவருக்கே கொடுத்தார்கள். இரவு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மேற்குக்காரருக்கு அப்போதுதான் தடுப்பாட்டம் ஞாபகம் வந்தது! ஜோர்ஜ் எறிய, விழவில்லை.

இது ஏன் எனக்குப் பெரிதென்றால், 2014 ஓகஸ்ட் 1-ல் லாஸ் வேகாஸில் அமெரிக்க அணியின் பயிற்சி ஆட்டத்தில் அவருடைய கால் முறிந்ததை நான் நேரலையில் பார்த்தவன். கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது. அன்று “இவர் கதை முடிந்தது” என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். பதினெட்டு மாதம் கழித்து அதே கால்களால் எம்பி எம்பி ஒன்பது மூன்று புள்ளி. அடுத்த வருடமே அந்தணி டேவிஸ் 52 போட்டு சேம்பர்லினையும் தாண்டிவிட்டதால், ஜோர்ஜின் 41-ஐ இன்று யாரும் கதைப்பதில்லை.

கோர்டன் விஷயத்துக்கு ஒரு பின்குறிப்பு. 2020-ல் சிக்காகோவில் அவர் மறுபடியும் டங்க் இறுதிக்கு வந்தார். மறுபடியும் சமன், மறுபடியும் மேலதிக டங்க். ஏழரை அடிக்குக் கிட்ட இருக்கும் டாகோ ஃபோலுக்கு மேலால் தாவி அடித்தார். எதிரி டெரிக் ஜோன்ஸ் ஜூனியருக்கு 48. கோர்டனுக்கு நடுவர்கள் போட்டது 47.

அதே 47. இந்தத் தடவை நானும் கதிரையை விட்டு எழும்பிக் கத்தினேன். பக்கத்தில் போன் அதிர்ந்தது. தம்பிதான். எழுத்து ஒன்றுமில்லை, அந்த இரண்டு இலக்கம் மட்டும்.