ஒன்பது மணிக்கு வரும் அழைப்பு

கேள்வி: எனக்கு 34 வயது. கோவை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஆறு பேர், ஒன்பது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை இரவுதோறும் என் வீட்டில் கூடிப் பேய்ப் படம் பார்த்து, விடிய விடிய அதைப் பற்றிப் பேசுவோம். சிரிப்புப் பேய்ப் படங்கள்தான் தமிழில் திகில் படத்தைக் கொன்றுவிட்டன என்று சென்ற மாதம் நான் சொன்னேன். அந்தப் படங்கள்தான் குடும்பங்களைத் தியேட்டருக்கு வரவழைத்து இந்த வகையையே காப்பாற்றுகின்றன என்றான் என் நெருங்கிய நண்பன். பேச்சு முற்றி, "உனக்கெல்லாம் எதைப் பார்த்தாலும் உறைக்காது" என்று சொல்லி எழுந்து போனவன் இன்னும் வரவில்லை. அவன் சொன்னதும் ஒருவகையில் உண்மை. புதிதாக வரும் எந்தப் படமும் என்னைப் பயமுறுத்துவதில்லை. கடைசியாக என்னை உலுக்கியது மலையாளப் படமான பூதகாலம். அந்தத் தாயையும் மகனையும் பார்த்துக் கண்கலங்கினேன். இப்போது நிம்மதியாக ஒரு படம் பார்க்கவும் முடிவதில்லை. இணையம் அடிக்கடி நின்றுவிடுகிறது, மேல்வீட்டில் ஓயாத சத்தம். மொடக்குறிச்சிப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கும் அம்மா, இரண்டு மாதத்துக்கு முன் நாய் செத்ததிலிருந்து, தினமும் சரியாக ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறார். என்னவென்று கேட்டால் "சும்மாதான் சாமி" என்பார். இங்கே வரச் சொன்னால் மாட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். படம் கெடுவதால் போனைச் சைலன்டில் போட்டுவிடுகிறேன். நண்பனை எப்படிச் சமாதானம் செய்வது? எனக்கு ஏன் பயமே வருவதில்லை?

பதில்: தம்பி, உங்கள் நண்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சிரிப்புப் பேய் வந்து திகிலைக் கொன்றது என்ற உங்கள் வாதம் ஆண்டுக் கணக்கிலேயே நிற்காது. முனி வந்தது 2007-இல், காஞ்சனா வந்தது 2011-இல். உங்களைப் போன்றவர்கள் கொண்டாடும் பீட்சா 2012-இலும், பிசாசு 2014-இலும், மாயாவும் டிமான்ட்டி காலனியும் 2015-இலும், அவற்றுக்குப் பிறகுதான் வந்தன. செத்துப்போன வகையில் இத்தனை நல்ல படங்கள் எப்படி வரும்? உங்கள் நண்பர் சொன்னதும் பாதிதான் சரி. ஜவ்வாது மலைக்குக் கேமராவோடு போன இளைஞர்கள் தாங்களே எடுத்த காட்சிகள் என்ற பாவனையில் 2025-இல் வந்த மர்மர், சிரிப்பையும் பெரிய நடிகர் எவரையும் நம்பாமல்தான் தியேட்டருக்கு வந்தது. இருவரும் பாதி பாதி சரி, பாதி பாதி தப்பு. அவர் வீட்டுக்கு நேரில் போய், குரலை உயர்த்தியது என் தப்பு என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கல்லூரிக் காலத்து நட்பு அதற்கு மேல் எதையும் கேட்காது.

பயம் ஏன் வருவதில்லை என்பதற்கும் மறைபொருள் எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு ஐம்பது படம் என்று வைத்தாலும் ஒன்பது ஆண்டில் நானூற்றைம்பது படங்கள் பார்த்திருக்கிறீர்கள். பின்னணி இசை சட்டென்று அடங்கினால் அடுத்த நொடி என்ன வரும் என்பதும், நடிகரின் முகத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு இருட்டான வாசற்படியைக் கேமரா காட்டினால் அங்கே எது நிற்கும் என்பதும் உங்களுக்கு மனப்பாடம். இலக்கணம் தெரிந்துவிட்ட மொழியில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. இது நோயும் இல்லை, குறையும் இல்லை.

இனி, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப்போன அந்த வரிக்கு வருகிறேன். நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். நிம்மதியாகப் படம் பார்க்க விடாதவை என்று மூன்றை வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள்: நின்றுபோகும் இணையம், மேல்வீட்டுச் சத்தம், அம்மா. பெற்றவளை எந்த வரிசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம் என்று எழுதும்போது உங்கள் கை ஒரு கணமாவது தயங்கியிருக்க வேண்டாமா? அதைவிடக் கோபம் வரவைப்பது ஒன்று உண்டு. "நாய் செத்ததிலிருந்து" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த அழைப்பு எதனால் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். காரணம் தெரிந்துகொண்டேதான் போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள்.

தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு நாய் என்றால் என்ன என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் மறந்துவிட்டீர்கள். ஊருக்குள் இருந்தால் சுவருக்குச் சுவர் ஆள் உண்டு. ஒரு சத்தம் போட்டால் நான்கு கதவு திறக்கும். நம் பக்கத்தில் அவரவர் விவசாயக் காட்டில் அவரவர் சாளை, அதாவது தோட்டத்து வீடு. அடுத்த சாளையின் விளக்கு கண்ணுக்குத் தெரியும், ஆனால் கூப்பிட்டால் அங்கே கேட்காது. வேலிகளுக்கு நடுவே வரும் இட்டேரித் தடத்தின் முனையில் வண்டி திரும்பும்போதே நாய் குரைக்கத் தொடங்கிவிடும். தெரிந்த ஆளுக்கு ஒரு குரைப்பு, தெரியாத ஆளுக்கு இன்னொரு குரைப்பு, பாம்பைக் கண்டால் வேறு ஒரு குரைப்பு என்று அதற்குள்ள பேதத்தை வைத்தே, ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், படுத்த நிலையிலேயே வந்திருப்பது என்னவென்று உங்கள் அம்மா கண்டுகொள்வார். நாய் போன நாளிலிருந்து அவருக்கு ஒவ்வொரு சத்தமும் பெயர் தெரியாத சத்தம். தென்னை மட்டை விழுகிறது. கட்டுத்தறியில் மாடு கயிற்றை இழுக்கிறது. நடுச்சாமத்தில் மும்முனை மின்சாரம் வந்து, ஆட்டோ ஸ்விட்சில் போட்டிருந்த மோட்டார் தானாக ஓடத் தொடங்குகிறது. படத்தில் இதே சத்தங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்து கோத்து வைத்தால், ஒலிப்பதிவு அருமை என்று விடிய விடியப் பேசுவீர்கள்.

நம் பகுதியில் இந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் என மூவர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில், சிவகிரி அருகே தோட்டத்தில் தனியே வாழ்ந்த முதிய தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்த செய்தி வந்தது. சிவகிரி எங்கே இருக்கிறது, மொடக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஈரோடு மாவட்டம். உங்கள் அம்மாவும் அந்தச் செய்தியைக் கேட்டிருப்பார். பால் ஊற்றப் போகும் சொசைட்டியில் நாள் கணக்கில் வேறு பேச்சே இருந்திருக்காது. அதைக் கேட்டுவிட்டு வந்து அதே சாளையில், அதே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுத்தவர் அவர். அப்போதுகூட அவருக்குத் துணையாக அந்த நாய் இருந்தது.

பூதகாலம் பார்த்துக் கண்கலங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். பாட்டி இறந்த வீட்டில் மிஞ்சும் தாயும் மகனும். மகனுக்கு வரும் பயத்தைச் சுற்றியிருப்பவர்கள் யாரும் நம்புவதில்லை. மனச்சோர்வில் உழலும் அந்தத் தாயாக நடித்ததற்காக ரேவதிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது, அதற்கு அவர் முழுத் தகுதி உடையவர். அதே இயக்குநர் ராகுல் சதாசிவன் 2024-இல் கறுப்பு வெள்ளையில் பிரமயுகம் எடுத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என்னைப் பொறுத்தவரை பூதகாலம்தான் அவருடைய பெரிய படம், ஏனென்றால் அதில் பேயைவிட, பக்கத்து அறையில் இருப்பவர் என்ன பயத்தில் இருக்கிறார் என்று தெரியாமலே ஒரே கூரையின் கீழ் வாழ்வதுதான் நெஞ்சை அடைக்கிறது. இவ்வளவையும் உணர்ந்து அழத் தெரிந்த உங்களுக்கு, தனி வீட்டிலிருந்து ஒன்பது மணிக்குக் கூப்பிடும் சொந்தத் தாயின் குரலில் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அதை நான் நம்பமாட்டேன். கேட்டிருக்கிறது. கேட்டால் போக வேண்டியிருக்கும் என்பதால்தான் சைலன்டில் போடுகிறீர்கள்.

நான் காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். 1990-இல் 13-ஆம் நம்பர் வீடு படம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது, அழுது அடம்பிடித்து அப்பாவோடு இரண்டாம் ஆட்டம் போனேன். திரும்பும்போது இட்டேரியின் இரண்டு பக்கமும் கிளுவை வேலி. அப்பாவின் கையில் பேட்டரி லைட், அதன் வெளிச்சம் நாலு அடிக்கு மேல் போகாது. நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு நூறு அடி இருக்கும்போது அப்பா நின்று, பலமாக ஒரு முறை இருமினார். ஏன் என்று கேட்டேன். "உங்கம்மா முழிச்சுட்டு இருப்பா கண்ணு, வர்றது நாமதான்னு தெரியோணுமல்ல" என்றார். அந்த இருமல் கேட்ட பிறகுதான் உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. படத்தில் வந்த பேய் இன்று எனக்கு நினைவில் இல்லை. உங்கள் அம்மா ஒன்பது மணிக்குக் கூப்பிடுவது, கதவைச் சாத்துவதற்கு முன் அப்படி ஒரு இருமல் கேட்காதா என்றுதான். அவர் "சும்மாதான் சாமி" என்று சொல்வதில் மறைந்திருப்பது, பிள்ளைக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தைச் சாக்காக எடுத்துக்கொள்வது ஒரு மகன் செய்யும் காரியம் இல்லை.

அம்மா வரமாட்டேன் என்கிறார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். இந்த வரி எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இருக்கிறது. பிள்ளை கோவையில், திருப்பூரில், பெங்களூரில்; பெற்றவர்கள் தோட்டத்தில்; "கூப்பிட்டோம், அவர்கள்தான் வரவில்லை" என்பது எல்லோரும் எழுதும் வாசகம். காலையும் மாலையும் கறக்க வேண்டிய மாட்டை விட்டுவிட்டு அவர் உங்கள் அடுக்குமாடியின் நான்கு சுவருக்குள் வந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. அது அவருடைய பண்ணயம். அதில் உழைத்துத்தான் உங்களைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அவரை அங்கிருந்து பெயர்த்து எடுக்கவும் கூடாது, அங்கே தனியே விடவும் கூடாது என்பதுதான் என் முடிவு. இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது, அவருடையது அன்று.

வழி இருக்கிறது. காட்டை விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்கோ குத்தகைக்கோ விட்டு, ஒரு குடும்பம் தோட்டத்திலேயே குடியிருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊரில் நாலு பேரிடம் விசாரித்த பிறகு செய்யுங்கள். வாசலிலும் கட்டுத்தறியிலும் கேமராவும், ஆள் நடமாட்டம் பட்டால் எரியும் விளக்கும் போடுங்கள். ஆறு பேர் கூடிப் படம் பார்க்கப் பெரிய திரையும் ஒலிபெருக்கியும் வாங்க முடிந்தவருக்கு இது பெரிய செலவாகாது. நகையைச் சாளையில் வைக்காமல் வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய விதிகளில், தனியே வாழும் முதியோரின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு நேரில் போய் அம்மாவின் பெயரையும் தோட்டத்துக்கு வரும் வழியையும் எழுதிக் கொடுத்து, இரவு ரோந்தில் அந்தத் தடத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவின் போனில் ஒற்றைப் பொத்தானை அழுத்தினால் அடுத்த தோட்டத்துக்காரருக்கு அழைப்புப் போகும்படி அமைத்துக் கொடுங்கள். புது நாய்க்குட்டியும் வேண்டும்தான். ஆனால் அது குரைத்துக் காவல் காக்க இன்னும் எட்டு மாதமாவது ஆகும். குட்டியைக் கொண்டுபோய் விட்டதோடு கடமை முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள்.

இவை எல்லாம் ஒரு மாதத்தில் நடக்கக் கூடியவை. இன்றிரவே நடக்க வேண்டியது ஒன்பது மணி. அவர் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம், எட்டே முக்காலுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். பக்கத்தில் படத்தின் சத்தம் கேட்கக் கூடாது. மாடு எவ்வளவு கறந்தது, கதவைச் சாத்தியாயிற்றா என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை வைக்காதீர்கள்.

வரும் வெள்ளிக்கிழமை நண்பர்கள் வேண்டாம். மதியமே விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினால், இருட்டுவதற்குள் தோட்டத்துக்குப் போய்விடலாம். ஞாயிறு மாலை வரை அங்கேயே இருங்கள், இரவில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஆசாரத்திலேயே படுங்கள். அந்த நாய் எப்படிச் செத்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பாம்பு கடித்ததா, வண்டியில் அடிபட்டதா, யாராவது விஷ மருந்து வைத்தார்களா என்று நீங்கள் கேட்டதாகவும் தெரியவில்லை. அதைக் கேளுங்கள். எங்கே புதைத்தார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். அந்தக் குழியை யார் தோண்டினார்கள் என்றும் அங்கே நின்றே அம்மாவிடம் கேளுங்கள்.