மானிட்டர் பிரைட்னஸைக் குறைத்தால் தலை வலிப்பது ஏன்? புதிதாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கண்ணில்தான் குறை என்றில்லை, தம்பி. சில மானிட்டர்களில் திரைக்குப் பின்னுள்ள எல்இடி விளக்கு உண்மையில் மங்குவதில்லை. நொடிக்கு 200 தடவைக்கு மேல் அணைந்தணைந்து எரிகிறது. பிரைட்னஸ் குறையக் குறைய, அணைந்திருக்கும் நேரம் கூடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வந்துவிடும். மின்னோட்டத்தையே குறைத்து மங்கவைக்கும் மானிட்டரில் இந்தத் துடிப்பு இல்லை.

நம்ம கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போனாலும் பொள்ளாச்சி போனாலும், பெட்டியில் ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ (துடிப்பு இல்லாதது) என்றிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீங்க. கடையில் முழு வெளிச்சத்தில்தான் காட்டுவாங்க. அதில் துடிப்பு பெரும்பாலும் இருக்காது. வெள்ளைத் திரை போடச் சொல்லி, பிரைட்னஸை 20-க்கு இறக்கி, முன்னால் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்க. ஒரே கலங்கலாகத் தெரிந்தால் வாங்கலாம். தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் வேண்டாம். (கடை விளக்கும் துடிக்கலாம், அதனால் வெள்ளைத் திரைக்கு முன்னால் கறுப்பாகத் தெரியும் பேனாவின் உருவத்தை மட்டும் கவனிங்க.)